நீரச்சம் நீங்குக
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் குடியிருக்கும் பிரேசர் டவுன், மைசூர் மன்னருக்கு ஆசிரியராக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் தாங்கியது. அப்பெயரையே உடைய மற்றொருவர், ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை டான் பிரேசர். சிட்னி நகரின் பால்மெயின் பகுதியில், எளிய குடும்பத்தில், எட்டுக் குழந்தைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். இளமையில் ஆஸ்துமாவால் வருந்தியவர். அவரே 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் 100 மீட்டர் பிரீஸ்டைல் நீச்சலில் தங்கம் வென்றார். 1962-இல் அத்தூரத்தை ஒரு நிமிடத்திற்குள் நீந்திய முதற் பெண்மணியுமானார்.

இச்செய்தி நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அதே ஒரு நிமிட எல்லையை இந்தியப் பெண்களுள் முதன்முதல் கடந்தவர், நம் பெங்களூரைச் சேர்ந்த நிஷா மில்லட். சிறுமியாயிருந்தபோது ஒருமுறை நீரில் மூழ்கவிருந்து பிழைத்தவர் அவர். ஆயினும் தந்தையார் மகளை நீரினின்று விலக்கினாரில்லை. 1991-இல் சென்னை ஷெனாய் நகரில் நீந்தப் பழக்கினார். பின்னர் அக்குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. நாம் வேலையை நாடி இங்கு வந்தோம். அவர்கள் மகளின் பயிற்சியை நாடி வந்தனர்.

1999-இல் மணிப்பூரில் நடந்த தேசிய விளையாட்டுகளில் நிஷா 14 தங்கப் பதக்கங்கள் பெற்றார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பந்தயத்தில் தம் பிரிவில் முதலாவதாக வந்தார். ஆனால் எல்லாப் பிரிவினரின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பதினாறு பேரையே அரையிறுதிக்குத் தேர்வர். அதில் அவர் இடம்பெறவில்லை. 2002-இல் முதுகில் அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. 2004 ஒலிம்பிக் வாய்ப்பும் கைநழுவியது. அதனால் அவர் நீரைத் துறந்துவிடவில்லை. பெங்களூரிலேயே தம் பெயரால் நீச்சற்பள்ளி கண்டு, சிறுவர் சிறுமியர்க்குக் கற்பித்தார்.

இனி, எங்கள் பிழையைச் சபையில் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் மகள் நீந்தக் கற்க விரும்பியபோது, ஜலதோஷம், செலவு, ஊரார் பேச்சு என மூன்று காரணம் காட்டி மறுத்தோம். சென்ற கோடையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, மைத்துனர் பிள்ளைகள் கிணற்றில் குதித்து விளையாடினர். எங்கள் மகளோ மேற்படியிலேயே நின்றாள். "நீயும் இறங்கேன் அம்மா" என்றோம். "எனக்கு யாரப்பா கற்றுக்கொடுத்தீர்கள்?" என்றாள். மறுமொழி கூற எங்களுக்கு நா எழவில்லை.

அன்பர்களே, எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக்கிற்குச் செல்லப்போவதில்லை. ஆயினும் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு நீர் எமனாகாது. வரும் கோடை விடுமுறையில், பயிற்சியாளர் உள்ள குளத்திற்கு ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். எங்கள் மகள் முதலாவதாகச் செல்வாள்.