நம்பியவர்கள் சும்மா இருக்கவில்லை!

(கொல்லிமலை குண்டூர் நாட்டில் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மிளகும் காப்பியும் வாங்க வந்திருக்கிறீர்கள். கடை வைத்திருப்பவர்களும் வேலை தேடி அலையும் இளைஞர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அல்லாஹ்வின் உதவி வரும் என்கிறீர்களே, எப்போது வரும்?

அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை! பால்குடிக் குழந்தையோடு ஆளில்லாப் பள்ளத்தாக்கில் தம்மை விட்டுத் திரும்பிய இப்ராஹீம் (அலை) அவர்களிடம், இது அல்லாஹ்வின் கட்டளையா என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்றார்கள்.

அதன் பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்களா? தோற்பையில் தண்ணீர் தீர்ந்ததும் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். தவக்குல் என்பது இதுதான். நாமோ கல்லாப்பெட்டிக்கு மேலே ஆயத்தை மாட்டிவிட்டு அதோடு கடமை முடிந்தது என்றிருக்கிறோம்.

ஸம்ஸம் பொங்கியது. அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. ஜுர்ஹும் கூட்டத்தார் வந்து, இங்கே தங்கலாமா என்று கேட்டார்கள். பாலைவனத்தில் ஊற்றுக்குச் சொந்தக்காரர் என்ன விலையும் சொல்லலாமே! ஊற்றின் உரிமை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள் அன்னையவர்கள்.

இனி இந்த மலைக்கு வருவோம். நம் மார்க்கத்தைச் சேராத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், முகம் சுளிக்காதீர்கள். நபித்துவத்துக்கு முன், அநீதிக்கு ஆளானோருக்காக மக்காவாசிகள் செய்த ஃபுளூல் உடன்படிக்கையை நபி (ஸல்) அவர்கள் பிற்காலத்திலும் உயர்வாகவே பேசினார்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913-ல் மணமுடித்து இந்த மலையில் குடியேறிய கிறிஸ்தவ ஊழியர்கள். அவர்களது பிரச்சாரத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் சாலை இல்லாத காலத்தில், காலில் நரம்புச் சிலந்திப் புழு நெளிய வந்த ஏழைகளுக்கு அதைப் பக்குவமாகச் சுற்றி எடுத்தவர் ஜெஸ்ஸி. கொள்ளைக் காய்ச்சல் வந்தபோது இருவரும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தார்கள். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியே சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார்!

சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் போய்ச் சேர வேண்டும், இறைவன் அதை நிறைவேற்றித் தருவான் என்பது அவர்கள் நம்பிக்கை. 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவலினுக்கு வயது ஐம்பது. பின்னர் அவரைச் சமவெளியில் பணியமர்த்தினார்கள். அறுபத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்ததும் அவர் ஊர் திரும்பவில்லை, மலைக்கே ஏறிவிட்டார். மட்டக்குதிரையில் போனார், விழுந்தார், எலும்பு முறிந்தது. மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடியும் போனார். தொழுநோயால் மடங்கிய கைகளை வேலூரில் அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் இவருடைய மகன்தான். தாயின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் எவலின் இறந்தார். அடக்கம் இந்த மலையில்தான், கணவரின் பக்கத்தில்.

சிந்தித்துப் பாருங்கள்! அவரும் இந்த மலைக்கு ஏறினார், நாமும் ஏறுகிறோம். விலையும் எடையும் தவணையும் பேசி முன்பணம் கொடுப்பது மார்க்கம் அனுமதித்த வணிகம்தான். ஆனால் மகளுக்குக் கல்யாணம், மனைவிக்குப் பிரசவம் என்று கைநீட்டும் மலைவாசியின் முடையைப் பார்த்து மிளகின் விலையை முறிப்பது எந்தக் கணக்கில் சேரும்? அதைச் செய்துவிட்டு, இறையுதவி ஏன் வரவில்லை என்று துஆவில் அழுகிறோம்.

இளைஞர்களே, உங்களில் கணக்குத் தெரிந்தவர்கள் பெரியவர்களின் பேரேட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். இந்த ஊரில் யாருக்கெல்லாம் பாக்கி நிற்கிறதோ, லாரி இறங்குவதற்குள் கொடுத்துவிடச் சொல்லுங்கள். லுஹருக்கு நேரமாகிவிட்டது, ஒளூச் செய்துகொண்டு வாருங்கள்.