தீய்ந்த வாடை



அடுப்பில் பால் தீய்ந்தால் அடுத்த வீட்டாரும் அறிவர். ஆனால் ஓடும் காருக்குள் கம்பி தீயும்பொழுது நம்மில் பலர் செய்வது யாது? கண்ணாடியை இறக்கிவிட்டு, "வெளியிலிருந்து வருகிறது" என்று கூறிப் பயணத்தைத் தொடர்கிறோம். அம்பாசிடர் கார் செய்வது 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் அதனையும் அதுபோன்ற முதிய வண்டிகளையும் அன்போடு பேணி வருவோர் இன்றும் உளர். அவர்கள் பொருட்டே இந்த வாடையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

முதற்கண், வாடைகளை இனம் பிரித்தறிதல் வேண்டும். காகிதம் கருகியது போன்ற வாடை பெரும்பாலும் கிளட்சிலிருந்து வருவது. எண்ணெய்ப் புகை நெடி, சூடான புகைக்குழாயில் எண்ணெய் சிந்துவதன் அறிகுறி. இனிப்பான ஆவி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கசிவதைக் காட்டும். அழுகிய முட்டை நாற்றமாயின், பாட்டரி அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறுகிறது என்று கொள்ளலாம். கம்பியின் மேலுறை கருகும் வாடையோ இவற்றினின்றும் வேறானது. மூக்கையும் தொண்டையையும் உறுத்துவது. சுவிட்சுகளிலும் இணைப்புகளிலும் உள்ள சிலவகைப் பிளாஸ்டிக்குகள் சூடேறினால் மீன் வாடைகூட வீசும்.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நம் மூக்கு எந்த வாடைக்கும் சில நிமிடங்களிற் பழகிவிடும். ஆதலால், வண்டியில் நெடுநேரம் அமர்ந்திருப்பவர் "ஒன்றுமில்லை" என்பதைக் காட்டிலும், புதிதாக ஏறிய குழந்தை "ஏதோ நாறுகிறது" என்பதே நம்பத்தக்கது.

இனி, கம்பி ஏன் சூடாகிறது என்பதைப் பார்ப்போம். ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1841-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். மின்னோட்டத்தால் கம்பியில் எழும் வெப்பம், ஓட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் தடைக்கும் ஏற்ப அமையும் என்பதே அது. ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே கம்பி தீய்வதற்கு இரு வழிகள் உண்டு. ஓட்டம் மிகுதல் ஒன்று. இணைப்பு தளர்ந்தும் களிம்பேறியும் தடை மிகுதல் மற்றொன்று.

முதல் வகைக்குப் பியூஸ் காவலாக நிற்கும். இரண்டாம் வகைக்கு அது காவலாகாது. தளர்ந்த இணைப்பில் ஓட்டம் கூடுவதில்லை, குறையவே செய்யும். பியூஸ் அறுவதற்கு அங்கே காரணமே இல்லை. "பியூஸ் போகவில்லையே, பிறகென்ன கோளாறு?" என்னும் வாதம் இதனாலேயே பிழையானது. மேலும், பழைய பிரிட்டிஷ் அமைப்பிலான கார்கள் பலவற்றில் இரண்டே பியூஸ்கள் இருந்தன. முகப்பு விளக்குகளின் மின்னோட்டம் அவற்றின் வழியே செல்வதே இல்லை.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் பழைய காரில் இரவில் மட்டும் இந்த வாடை எழுந்தது. பகலில் எத்துணை ஓட்டினும் இல்லை. "எப்பொழுது வருகிறது?" என்ற வினாவே பாதி விடையைத் தந்துவிட்டது. முகப்பு விளக்கை ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தபின் அதன் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தோம். விரல் வைக்க இயலவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று, 60 வாட் பல்புகளுக்கு மாற்றாக 100 வாட் பல்புகளை யாரோ பொருத்தியிருந்தனர்.

கணக்கைப் பாருங்கள். 60 வாட் பல்புகள் இரண்டு, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட்டத்தை இழுக்கும். சுவிட்சின் தேய்ந்த முனையில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாற்கூட அங்கே 10 வாட் வெப்பம் எழும். 100 வாட் பல்புகளாயின் ஓட்டம் ஏறத்தாழ 17 ஆம்பியர். அதே முனையில் வெப்பம் 28 வாட்டை நெருங்கும். ஈயத்தை உருக்கும் பற்றவைப்புக் கோல் ஒன்றின் திறன் 25 வாட்தான்! டேஷ்போர்டின் பின்னே அத்தகைய கோல் ஒன்றைச் செருகிவிட்டு, குடும்பத்தோடு இரவுப் பயணம் செய்தது போலாயிற்று. பழைய அளவுப் பல்புகளையும் புதிய சுவிட்சையும் பொருத்தி, விளக்கின் ஓட்டம் ரிலே வழியாகவும் பியூஸ் வழியாகவும் செல்லுமாறு செய்தபின் வாடை அகன்றது. ரிலே இருப்பின் சுவிட்சின் வழியே மிகச் சிறிய ஓட்டமே செல்லும், வெளிச்சமும் குறையாது.

வாடை எழுந்தவுடன் செய்யத்தக்கவை இவை. வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள். அனைவரையும் இறக்கிவிடுங்கள். பானெட்டின் அடியிலிருந்து புகை மிகுந்து வந்தால் அதனைத் திறவாதீர்கள். காற்றுப் புகுந்தால் தீ ஓங்கும். விலகி நின்று தீயணைப்புப் படையை அழையுங்கள். புகையில்லையெனில், பாட்டரியில் வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்றுங்கள். மற்ற முனையை முதலிற் கழற்றும்பொழுது ஸ்பானர் வண்டியின் இரும்பிற் பட்டால் பெரும் பொறி தெறிக்கும்.

பிறகு ஆராயலாம். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, கழற்றிய கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே ஒரு சிறு சோதனை பல்பை இணையுங்கள். அது பளிச்சென எரிந்தால் எங்கோ ஓட்டம் கசிகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதனை எடுக்கையில் பல்பு அணைகிறதோ, அந்தச் சுற்றிலேயே கோளாறு. எதை எடுத்தும் அணையாவிடில், பியூஸ் இல்லாத சுற்றுகளை நோக்குக. பல்பு எரியவேயில்லையெனில், விளக்கு முதலியவை இயங்கும்பொழுது சூடேறும் இணைப்புகளைத் தேடவேண்டும். பழுப்பேறிய பிளாஸ்டிக், விறைத்த மேலுறை, செம்பின் மேற் பச்சைக் களிம்பு ஆகியவை அதன் அடையாளங்கள். எஞ்சினையும் வண்டியுடலையும் பிணைக்கும் எர்த் பட்டையையும் மறவாதீர்கள். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் பேரோட்டம் சோக் கம்பியின் வழியே திரும்பி, அதனைச் செந்தழலாக்கிவிடவும் கூடும்.

அறுந்த பியூசுக்கு மாற்றாக வெள்ளித்தாளைச் சுற்றுவதும் தடித்த கம்பியை முடிவதும் வேண்டாம். பியூஸ் அறுவது சில ரூபாய் இழப்பு. அது அறாமற்போவது வண்டியின் இழப்பு, சிலவேளை உயிரின் இழப்பு. வாடை என்பது தீ நமக்கு முன்கூட்டி அனுப்பும் ஓலை. அதனைப் படித்தபின் வண்டியை ஓட்டுவதே அறிவுடைமை.