கடல் கடந்த தொண்டர் ஐவர்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

'கடல் கடந்த அருட்பணி' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். மிஷனெரி என்றவுடன், கப்பலிலிருந்து இறங்கி வரும் வெள்ளைக்காரரின் உருவமே நம் கண்முன் நிற்கிறது. அவர் கொடுப்பவர், நாம் பெறுபவர். இவ்வெண்ணம் நம் உள்ளத்தில் ஊறிப் போயிற்று. இதனை மாற்றக்கூடிய வரலாறு ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறேன். அடிமைகளாக விற்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், தம் முன்னோர் பிறந்த ஆப்பிரிக்கக் கண்டத்திற்கே தொண்டர்களாகச் சென்ற வரலாறு அது.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட 1865ஆம் ஆண்டில், வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம் ஷெப்பர்டு பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. கருப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் பகலில் உழைத்து இரவில் படித்தார். பின்னர் இறையியல் கற்றுக் குருவானார். ஆப்பிரிக்காவுக்கு அனுப்புமாறு தம் திருச்சபையை வேண்டினார். அத்தென்மாநிலப் பிரஸ்பிட்டேரியன் சபையோ, கருப்பர் ஒருவரைத் தனியே அனுப்ப மறுத்தது. வெள்ளையர் ஒருவர் உடன் செல்ல வேண்டுமென்றது. ஒரே வேதத்தை ஓதிய சபைதான் அவ்வாறு சொல்லிற்று! கோவிலுக்குள்ளும் சாதி வரிசை பார்த்து உட்காரவைக்கப்பட்ட நம் முன்னோருக்கு இது புதிய செய்தியன்று.

ஷெப்பர்டு சினந்து விலகவில்லை, காத்திருந்தார். இறுதியில் அலபாமா மாநிலத்து நீதிபதி ஒருவரின் மகன் சாமுவேல் லாப்ஸ்லி உடன் வர முன்வந்தார். 1890ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருவரும் நியூயார்க்கில் கப்பலேறினர். காங்கோ நாடு அப்போது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. லாப்ஸ்லி வழியில் பிரசல்ஸ் நகரில் அம்மன்னரையே கண்டு பேசினார். 1891இல் காசாய்ப் பகுதியிலுள்ள லுவேபோவில் இருவரும் பணித்தளம் அமைத்தனர். மறு ஆண்டே லாப்ஸ்லி காய்ச்சலால் மாண்டார். எவருடைய மேற்பார்வை இன்றி அனுப்ப இயலாதென்று சபை கருதியதோ, அவர் மறைந்தார். பணியின் சுமை ஷெப்பர்டின் தோளில் விழுந்தது.

அவர் செய்த முதற்காரியம் மக்களின் மொழியைக் கற்றதுதான். குபா நாட்டு மன்னர், தம் தலைநகருக்கு அயலாரை வழிகாட்டி அழைத்து வருவோருக்கு மரணதண்டனை விதித்திருந்தார். ஷெப்பர்டோ முட்டை வாங்குவதைச் சாக்காகக் கொண்டு, சந்தை வழிகளை அறிந்து, ஊர் ஊராக முன்னேறினார். 1892இல் அரசவைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, தங்கள் மொழியைப் பேசும் இவ்வயலாரைக் கண்டு வியந்த அம்மக்கள், இறந்துபோன தங்கள் முன்னோர் ஒருவரே மறுபிறவி எடுத்து வந்தார் என்று கொண்டு வரவேற்றனர்.

தனியாளால் பணி நிலைபெறாது என்று உணர்ந்த அவர், தாயகம் திரும்பித் துணை தேடினார். 1894இல் அவர், அவருடைய மனைவி லூசி, லில்லியன் தாமஸ், ஹென்றி ஹாக்கின்ஸ், மரியா ஃபியரிங் என ஐவர் புறப்பட்டனர். ஐவரும் கருப்பினத்தவர்.

இளைஞர்களே, குறிப்பாக என் சகோதரிகளே, மரியா ஃபியரிங் அம்மையாரை நீங்கள் மறவாதிருக்க வேண்டும். அவர் 1838இல் அலபாமாவில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 33. குழந்தைகளோடு அமர்ந்து கற்றார், ஆசிரியையானார், சிறு வீடொன்றும் தேடிக்கொண்டார். ஷெப்பர்டின் அழைப்பைக் கேட்டபோது அவருக்கு வயது 56. வயது மிகுதி என்று சபை மறுத்தது. அவர் தம் வீட்டை விற்றார். தம் செலவிலேயே கப்பலேறினார். லுவேபோவில், அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட சிறுமியரைப் பண்டங்கள் கொடுத்து மீட்டு, இல்லம் அமைத்து, எழுத்தும் தொழிலும் கற்பித்தார். அடிமையாய்ப் பிறந்தவரே அடிமைச் சிறுமியருக்குத் தாயானார்! இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பணியில் நிலைத்தார்.

ஆயினும், பள்ளியும் இல்லமும் நடத்துவதோடு தொண்டு முடிந்துவிடுமா? லியோபோல்டின் ஆட்சி மக்களைக் காட்டுக்கு விரட்டி, ரப்பர்ப் பால் சேகரிக்க வற்புறுத்தியது. மறுத்த ஊர்கள் எரிக்கப்பட்டன. 1899இல், அரசின் ஏவலால் திறை வசூலிக்கச் சென்ற ஆயுதக் கூட்டத்தாரின் முகாமுக்கு ஷெப்பர்டு உயிருக்கு அஞ்சாது சென்றார். அங்கே மனிதரின் வலக்கைகள் நெருப்பின் மேல் புகையில் வாட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கொன்றதற்கு அடையாளமாக அதிகாரிகளிடம் காட்டுவதற்காம்! ஷெப்பர்டு நின்று அவற்றை எண்ணினார். 81 கைகள். எண்ணியதை உலகுக்கு எழுதினார்.

உலகமெங்கும் எழுந்த கண்டனத்தால் 1908இல் காங்கோ மன்னரின் பிடியிலிருந்து பெல்ஜிய அரசிடம் சென்றது. அவ்வாண்டே ரப்பர்க் கம்பெனியின் கொடுமையைப் பற்றி ஷெப்பர்டு மீண்டும் எழுத, கம்பெனி அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909இல் லியோபோல்டுவில் நகரில் வழக்கு நடந்தது. பெல்ஜிய சோசலிசத் தலைவர் எமில் வாண்டர்வெல்டே ஊதியமின்றி வாதாடினார். ஷெப்பர்டு விடுதலையானார்.

அவர் குறையற்றவர் என்று சொல்ல நான் வரவில்லை. 1910இல் தாயகம் திரும்பிய பின், தம் இல்லறக் குற்றத்தை ஒப்புக்கொண்டு திருச்சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டார். மன்னரின் ஆட்சியை எதிர்த்து வென்ற அவர், நிறவெறிச் சட்டங்கள் நிலவிய நாட்டிலேயே 1927இல் மறைந்தார். கடல் கடந்து ஈட்டிய புகழ், பிறந்த ஊரில் அவருக்குச் சம உரிமை பெற்றுத் தரவில்லை. அவர் எண்ணிய எண்ணிக்கையோ அழியாமல் வரலாற்றில் நிற்கிறது.

அன்பார்ந்த இளைஞர்களே! இக்கழகம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து வருகிறது. எதற்காக? படித்தவன் சேரியை விட்டு வெளியேறி, பிறகு அத்திசையை நோக்காதிருப்பதற்காகவா? மரியா அம்மையார் 33ஆம் வயதில் கற்ற எழுத்தைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. வீட்டை விற்று அவ்வெழுத்தைக் கொண்டு சென்றார். ஷெப்பர்டு கற்ற எண், வெட்டுண்ட கைகளை எண்ணிச் சாட்சி சொல்லப் பயன்பட்டது. நம் ஊரிலும் எண்ணப்படாத கொடுமைகள் உண்டு; எழுதப்படாத சாட்சிகள் உண்டு. அவற்றை எண்ணவும் எழுதவும் கற்றவர் யார்? நீங்கள்தாம்.

கடல் கடக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் அமையாது. ஆயின் நமக்கும் நம் மக்களுக்கும் இடையே படிப்பே ஒரு கடலாகிவிட வேண்டாம். ஆகிவிட்டதென்றால், அதனைக் கடந்து திரும்பி வாருங்கள். தனியாக அல்ல, ஐவராக, பதின்மராகக் கூடி வாருங்கள். எவரேனும் அனுப்புவார் என்று காத்திராதீர்கள்.