மாப்பிள்ளைக்கு ஒரு பனையோலைக் குடை



மெல்பர்ன் வரை, உங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தவர் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் மாப்பிள்ளையின் குடையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கலியாணம் என்றால் பெண்ணின் புடவைக்கு ஆறு மாதம் அலைகிறோம். மாப்பிள்ளைக்கு வேண்டியதைக் கடைசி வாரத்தில் ஒரே கடையில், ஒரே பையில் வாங்கிவிடுகிறோம். காசி யாத்திரைக்கு நைலான் குடை, அதன் ஓரத்தில் ஒட்டிய ஜிகினா, பிளாஸ்டிக் விசிறி, பாலியஸ்டர் ரோஜா மாலை. ஊஞ்சல் முடிவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். மீதி குப்பைத் தொட்டிக்கு.

காசி யாத்திரை எல்லாச் சமூகங்களிலும் கிடையாது. கொங்கு நாட்டில் தலையில் உருமால் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை. வழக்கம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பொருளை யார் செய்தார்கள், கலியாணம் முடிந்ததும் அது எங்கே போகும்?

குடையில் தொடங்குவோம். பனையோலைக் குடைக்கு வேண்டியது ஓலை, மூங்கில், நார். அவ்வளவுதான். திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாட்டிலும் செட்டிநாட்டிலும் ஓலையில் கைதேர்ந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இலங்கையில் 1978-இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. வடக்கில் பனையோலைக் கைப்பணி இன்றும் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. இந்த அவையில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தார் என்பதால் பனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொட்டானும் விசிறியும் முடைகிற கைக்கு மாதிரி காட்டினால் குடையும் முடையத் தெரியும். கேட்பவர்தான் இல்லை.

அடுத்தது பாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே பத்தமடை இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. மிக மெல்லிய இழையில் நெய்ததற்குப் பட்டுப்பாய் என்று பெயர். துணி போல மடியும். முன்பெல்லாம் சிவப்புக்குச் சாயமரக் கட்டை. இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். இயற்கைச் சாயம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு விலையும் கூடக் கொடுக்க வேண்டும். கலியாணப் பாயில் மணமக்கள் பெயரும் தேதியும் நெய்து தருவார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் கையால் பெயர் எழுதிய பாயில் இந்து மாப்பிள்ளை உட்காருவது அந்த ஊரில் யாருக்கும் ஒரு செய்தியே இல்லை. பெயர் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். அழைப்பிதழ் அச்சான பிறகு போன் செய்து, 'பாய் வேண்டும், அடுத்த வாரம் விமானம்' என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மாலைக்கு வருகிறேன். தோவாளை மாணிக்க மாலையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரளிப்பூவையும் பச்சை நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய் முடைவது போலத் தொடுப்பார்கள். அழகுதான். ஆனால் பூமாலையைப் பெட்டியில் வைத்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். இங்கே பூக்கிற ரோஜாவையும் சாமந்தியையும் இங்கேயே தொடுங்கள். நைலான் நூலை மட்டும் தள்ளிவைத்துவிட்டுப் பருத்தி நூலில் கட்டினால் மாலை முழுவதும் உரக்குழிக்குப் போகும்.

வாடாத மாலை வேண்டும் என்பவர்களுக்கு நெட்டி இருக்கிறது. தஞ்சை வட்டாரத்துக் குளம் குட்டைகளில் வளரும் நீர்ச்செடியின் தண்டு அது. எடையே தெரியாது, தந்தம் போல வெள்ளையாக இருக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்காகவே நெட்டி மாலை கட்டுகிறார்கள். மாட்டுக்குப் போடுவதை மாப்பிள்ளைக்கா என்று சிரிக்கிறீர்கள். முகூர்த்த நேரத்தில் இருவரின் முகத்திலும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கைத்தறி முத்திரை இருந்தால் கையால் நெய்தது என்று நம்பலாம். ஆனால் கரையில் மின்னும் சரிகை, பாலியஸ்டர் இழையில் உலோகம் பூசியதாக இருக்கலாம், கடைக்காரரிடம் கேளுங்கள். பட்டு வேட்டியை இயற்கைக்கு நல்லது என்று விற்பதும் எனக்கு உடன்பாடில்லை. புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் நூல் அது. முகூர்த்தத்துக்குப் பட்டுதான் வேண்டும் என்று பாட்டி சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். வரவேற்புக்குப் பருத்தி வேட்டி போதும். அதைத் திரும்பவும் கட்டுவீர்கள்.

ஓலையும் கோரையும் கொண்டுவருபவர்கள், விமான நிலைய வருகை அட்டையில் அவற்றை மறக்காமல் குறிப்பிடுங்கள். மண், விதை, பூச்சி எதுவும் ஒட்டாமல் சுத்தமாக இருந்தால் அதிகாரிகள் பெரும்பாலும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். மறைத்தால் அபராதம். சாமந்தி விதை ஒன்று ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு உங்கள் கலியாணப் பொருள் அவர்கள் கைக்குப் போய்விடக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. கையால் செய்தது என்பதற்காகவே ஆளுக்கொரு குடை வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுவந்து, ஒருநாள் பிடித்துவிட்டுப் பரணில் போட்டால் இயற்கைக்கு என்ன லாபம்? நம் ஊரில் கலியாணப் பாத்திரமும் ஜமக்காளமும் ஊர்ப்பொதுவாக இருந்தன. வேண்டிய வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், துடைத்துத் திரும்ப வைப்பார்கள். அந்த வழக்கத்தை இந்தச் சங்கம் எடுத்துக்கொள்ளலாம்.

என் வேண்டுகோள் இதுதான். சங்கத்தின் பெயரில் நான்கு ஓலைக்குடை, நான்கு விசிறி, இரண்டு நெட்டி மாலை, பெயர் நெய்யாத இரண்டு பத்தமடைப் பாய் வாங்குங்கள். பேரம் பேசாமல், பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, ஆறு மாத அவகாசம் தந்து வாங்குங்கள். உங்கள் வீட்டில் அடுத்த ஆண்டு கலியாணம் இருந்தால், சாப்பாட்டுக்குப் போகும் முன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.