பத்து மீட்டரில் ஒரு புள்ளி



2019-ஆம் வருஷம் நம்ம கோயம்புத்தூரில் மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. அதில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. யார் வந்தார் என்று கேட்டால் டீக்கடையில் நிற்கிறவர்கூடச் சொல்லிவிடுவார். நடிகர் அஜித்குமார் போட்டியாளராகப் பெயர் கொடுத்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று சுட்டார். சேதி பரவியதும் ரசிகர்கள் திரண்டுவிட்டார்கள்.

அத்தனை பேரையும் உள்ளே விட்டிருந்தாலும் ஏமாந்துதான் திரும்பியிருப்பார்கள். சினிமாத் துப்பாக்கிக்கு ஓட்டம் உண்டு, புகை உண்டு, கண்ணாடி சிதறும் சத்தம் உண்டு. இங்கே ஒருவர் பக்கவாட்டில் நின்று கையை நீட்டுகிறார். சில நொடி அப்படியே நிற்கிறார். பிறகு சுடாமலே கையை இறக்கிவிடுகிறார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நீட்டுகிறார். ‘டப்’பென்று சின்னதாக ஓர் ஓசை. முடிந்தது. இதையே ஒன்றேகால் மணி நேரம் செய்கிறார். பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத, செய்கிறவருக்கு மட்டும் எல்லாம் நடக்கிற விளையாட்டு இது. ஆகவே இதை வானொலியில் பேசுவதால் பெரிய நஷ்டம் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தொடங்குவது பத்து மீட்டர் பிரிவில். ரைபிள், பிஸ்டல் என்று அதில் இரண்டு வகை. இரண்டிலும் வெடிமருந்து கிடையாது, காற்றுதான். போட்டித் துப்பாக்கியோடு சேர்ந்த சிறு உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பார்கள். கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. விசையை அழுத்தினால் அந்தக் காற்றில் ஒரு துளி வெளிப்பட்டு, 4.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஈயக் குண்டைத் தள்ளும். பெல்லட் என்று சொல்வது இதைத்தான். 1960 முதல் எல்ஜி கம்ப்ரசர் செய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்து காற்றின் பலத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ரைபிளுக்கான இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் தரும் இடம் வட்டமே அல்ல, வெறும் புள்ளி. அதன் அகலம் அரை மில்லிமீட்டர். கசகசா மணிகூட அதைவிடப் பெரிது. பிஸ்டலை ஒற்றைக் கையில் பிடித்துச் சுட வேண்டும் என்பதால் அங்கே கொஞ்சம் இரக்கம் காட்டி, பத்தின் வட்டத்தை 11.5 மில்லிமீட்டராக வைத்திருக்கிறார்கள். ரைபிளில் பத்தையும் பத்தாகப் பிரித்து எண்ணுவார்கள். நட்ட நடுவில் பட்டால் 10.9. அறுபது குண்டுகள், எழுபத்தைந்து நிமிஷம். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த நம்ம இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. சராசரி போட்டுப் பார்த்தால் குண்டுக்குப் பத்தரைக்கும் மேலே. அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பெண், அறுபது தடவை அந்தப் புள்ளியைத் தொட்டும் தொடாமலும் சுட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. இந்த விளையாட்டின் கண்டிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி, முதல் நாள் ரேஞ்சுக்குள், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்குள், நுழைகிறவருக்கு என்ன நடக்கும் என்று பார்ப்போம். நம்மில் பலர் துப்பாக்கியை முதன்முதலில் தொட்டது நோம்பியில்தான். கோனியம்மன் தேரானாலும் சரி, அந்தியூர் குருநாதசாமி பண்டிகையானாலும் சரி, ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை ஒன்று இருக்கும். அந்தக் கடைத் துப்பாக்கியின் குறி நேராக இருக்காது என்பது ஊரறிந்த ரகசியம். நாலு குண்டு வீணானதும் விவரமான பையன், பலூனுக்கு ஒரு சாண் தள்ளிக் குறிவைத்து உடைத்துவிடுவான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ரேஞ்சுக்கு வந்ததும் முதலில் மறக்க வேண்டியது அந்தக் கெட்டிக்காரத்தனத்தை.

ஏனென்றால் ரேஞ்சில் பயிற்சியாளர் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல, ‘குரூப்’பை. ஐந்து குண்டு சுட்ட அட்டையை எடுத்துப் பார்ப்பார். ஒன்று நடுவில் பத்தில் பட்டு, மற்ற நாலும் நாலு திசையில் சிதறியிருந்தால் அவர் முகம் மலராது. ஐந்தும் ஓரத்தில் மூன்றாம் வளையத்தில் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால், “அட, பரவால்லையே கண்ணு” என்பார். வந்தவருக்கு ஒன்றும் புரியாது. பத்து எடுத்தவனை விட்டுவிட்டு மூன்று எடுத்தவனைப் பாராட்டுகிறாரே என்று. விஷயம் இதுதான்: ஒரே இடத்தில் விழுகிற குண்டுகளை நடுவுக்குக் கொண்டுவரக் குறிக்கருவியில் ஒரு திருகைத் திருப்பினால் போதும். சிதறுகிற குண்டுகளை எந்தத் திருகாலும் கூட்ட முடியாது. அது சுடுகிறவரின் உடம்பில் இருக்கிற கோளாறு. தற்செயலாகக் கிடைத்த பத்தைவிடத் திரும்பத் திரும்பக் கிடைக்கிற மூன்றுக்கு மதிப்பு அதிகம் என்கிற இந்தக் கணக்கு, லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அடுத்த சங்கடம் கண். பிஸ்டலில் முன்குறி, பின்குறி, தூரத்தில் அட்டை என்று மூன்று இருக்கின்றன. மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். எல்லாரும் இயல்பாக அட்டையைத்தான் பார்ப்பார்கள். அடிக்க வேண்டியது அதுதானே? அது தப்பு. தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி. அட்டை மங்கலாகக் கரும்பொட்டாகத் தெரிந்தால் போதும். இலக்கை அடைய வேண்டுமானால் இலக்கைப் பார்க்காதே என்று சொல்லுகிற இந்த இடத்தில்தான் பலர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் இரண்டு கண்களில் எது ஆளுகிற கண் என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுவார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கட்டைவிரலை நீட்டித் தூரத்துக் கம்பம் ஒன்றை மறையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது விரல் கம்பத்தை விட்டு விலகவில்லையோ, அதுதான். சிலருக்கு வலது கைப் பழக்கமும் இடது கண் ஆட்சியும் சேர்ந்து வரும். அவர்களுக்குப் பயிற்சியாளர் தனியாக வழி சொல்லுவார்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கலையின் மையம் என்று நினைக்கிறேன். கை ஆடும். எவ்வளவு பழகினாலும் ஆடும். நாடித் துடிப்பு இருக்கிறவரை ஆடாமல் என்ன செய்யும்? புதியவர் என்ன நினைக்கிறார் என்றால், ஆடுகிற குறி நடுவைக் கடக்கும் கணத்தில் சடாரென்று விசையை இழுத்துவிடலாம் என்று. அப்படி இழுத்த கணத்திலேயே மணிக்கட்டு திரும்பி, குண்டு வளையத்துக்கு வெளியே போய்விடும். “ஆடட்டும் கண்ணு. நீ பாட்டுக்கு அழுத்திக்கிட்டே இரு. அது எப்ப வெடிக்குதுன்னு உனக்கே தெரியக்கூடாது” என்பார் பயிற்சியாளர். ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தது அரைக் கிலோ எடை வேண்டும் என்பது விதி. அந்த அரைக் கிலோவை விரல் நுனியால் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். சுட்டு முடித்த பிறகும் ஒரு நொடி அதே நிலையில் நிற்க வேண்டும். குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே கை தளர்ந்தால் அதுவும் அட்டையில் தெரிந்துவிடும்.

இதையெல்லாம்விடக் கஷ்டமான பாடம் சுடாமல் இருப்பது. மூச்சைப் பாதியில் நிறுத்திக் குறி பார்க்கிறோம். ஏழெட்டு நொடியில் விசை விடுபடவில்லை என்றால் கண் களைக்கிறது, தசை நடுங்க ஆரம்பிக்கிறது. “இவ்வளவு நேரம் பிடித்தாகிவிட்டது, சுட்டுவிடுவோம்” என்று மனசு சொல்லும். அப்போது துப்பாக்கியை இறக்கி வைக்கத் தெரிகிறவர்தான் தேறுவார். வயலில் போர் போட்டுத் தண்ணீர் வராமல், இன்னும் நூறு அடி, இன்னும் நூறு அடி என்று போனவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர் உண்டு. போட்ட முதலுக்காகவே மேலும் போடுகிற அந்தக் குணத்தை, மணிக்கு இருபது முறை எதிர்கொண்டு வேண்டாம் என்று சொல்லப் பழக்குகிற வேறு விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

வயதும் உடல்வாகும் இதில் பெரிய தடையில்லை. பாரிஸில் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி சுட்டு வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுப் டிகேச்சின் படம் எல்லார் போனுக்கும் வந்ததே, அவருக்கு அப்போது 51 வயது. பாக்கெட்டில் கை விட்டது ஸ்டைல் என்று நம் பையன்கள் நினைத்தார்கள். பிஸ்டல்காரர்கள் பலரும் அப்படித்தான் நிற்பார்கள். சும்மா தொங்குகிற கை உடம்பை ஆட்டும் என்பதற்காக. சக்கர நாற்காலியில் இருந்து சுடும் அவனி லேகரா, டோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்கிலும் பத்து மீட்டர் ரைபிளில் தங்கம் வாங்கினார். சென்னைப் பெண் ரூபா உன்னிகிருஷ்ணன் 1998 காமன்வெல்த் போட்டியிலேயே ரைபிளில் தங்கம் வென்றவர். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் பாரிஸ் வரை போனார். அந்தப் பிரிவு தனி உலகம், செலவும் தனி.

“ஏனுங்க, புள்ளைங்களை இதுக்கு அனுப்பலாமுங்களா, ஆபத்தில்லையா?” என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஒழுங்காக நடக்கும் ரேஞ்சில் முதல் வகுப்பு சுடுவதைப் பற்றியதே அல்ல. குழல் எப்போதும் அட்டையின் பக்கம்தான் பார்க்க வேண்டும். குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிற்றைச் செருகி வைக்க வேண்டும். உள்ளே குண்டில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். “ஸ்டாப்” என்று குரல் வந்தால், பத்து எடுக்கப்போகிற கணமானாலும் நிறுத்த வேண்டும். இதை மீறுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூடாது. இதைச் சொல்லித் தராத இடமானால் பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. இது விளையாட்டுக்கு நல்லது. ஆனால் இதே வசதியால், ரேஞ்சையே பார்க்காத ஒருவர் துப்பாக்கியை வாங்கித் தோட்டத்துச் சாளையில் மாட்டி வைக்கிறார். மக்காச்சோளத்தில் மயில் இறங்குகிறது, தென்னையில் கிளி உட்காருகிறது. மயில் செய்கிற சேதம் எனக்கும் தெரியும்; விவசாயியின் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. சுட்டால் ஜெயில். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்களை மக்களே முன்வந்து ஒப்படைக்கும்படி ஓர் இயக்கமே நடத்த வேண்டி வந்தது, பறவைகளைக் காப்பாற்றுவதற்காக. உயிருள்ள எதன் மேலும் குறிவைக்காத காரணத்தால்தான் இதை நான் கலை என்கிறேன். அதனால், ஆசை வந்தவுடன் துப்பாக்கி வாங்காதீர்கள். முதலில் கோயம்புத்தூர் ரைபிள் கிளப் போன்ற ஓரிடத்துக்குப் போய், அங்கே இருப்பதை வைத்துப் பழகிப் பாருங்கள். போட்டித் தரத்துத் துப்பாக்கிகள் ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து வருகின்றன, விலை லட்சங்களில். ஆறு மாதம் கழித்தும் ஆசை மிச்சமிருந்தால் அப்போது யோசிக்கலாம். ரைபிள் என்றால் விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ என்று செலவு நீளும். பிஸ்டலுக்கு அது வேண்டாம். ஆனால் ரைபிள் சீக்கிரம் பலன் காட்டும், பிஸ்டல் பொறுமையைச் சோதிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் ரைபிளையே சொல்லுவேன், நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பிஸ்டலை.

போட்டி வேண்டும் என்கிறவர்களுக்குப் படிக்கட்டுகள் இருக்கின்றன: மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் மாவலங்கர் போட்டி, பிறகு தேசியப் போட்டி. மக்களவையின் முதல் சபாநாயகரான ஜி.வி. மாவலங்கர்தான் 1951-இல் தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கியவர். ஒவ்வொரு படியிலும் இத்தனை மதிப்பெண் என்று வரம்பு உண்டு. சிபாரிசு செல்லாது, அட்டைதான் பேசும்.

எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை இடத்தைப் பற்றியது. சென்னையில் குருநானக் கல்லூரி தன் வளாகத்திலேயே ரேஞ்ச் வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் துப்பாக்கி சுடுதல் அங்கேதான் நடந்தது. அவிநாசி ரோட்டிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் ஈரோடு, நாமக்கல் பக்கமும் எத்தனை கல்லூரிகள், எத்தனை பெரிய ஆடிட்டோரியங்கள்! பத்து மீட்டர் பிரிவுக்கு மைதானம் வேண்டாம். நீளமான ஒரு கூடம், குண்டு தாங்குகிற பின்சுவர், நல்ல வெளிச்சம், பொறுப்பான ஒரு பயிற்சியாளர், நாலைந்து துப்பாக்கிகள் இருந்தால் ஆரம்பிக்கலாம். கல்லூரி நிர்வாகிகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த விளையாட்டுக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள்.