முதலில் உட்கார வேண்டியவர் அப்பா!

  

பதற்றம் தணிய மனவிழிப்புப் பயிற்சி முதலில் யாருக்கு வேண்டும்? 'பிள்ளைகளுக்கே' என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டு உட்கார்ந்தார். முழங்கும்போதே அவர் கையிலிருந்த தாள் நடுங்கியது! (சிரிப்பு) நான் சொல்கிறேன்: பெற்றோருக்கே!

என் வீட்டுக் கதையையே சொல்றேன். மகளுக்கு மறுநாள் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. உள்ளங்கை வியர்க்குது, சோறு இறங்கலை. நான் பேராசிரியராச்சே, சும்மா இருப்பேனா? 'பதறாத காரியம் சிதறாது' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் சொற்பொழிவு! அவள் சொன்னாள்: "அப்பா, சாயங்காலத்திலிருந்து பன்னிரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டீங்க. முதல்ல நீங்க உட்காருங்கப்பா!" (கைதட்டல்)

வாங்கிய டாக்டர் பட்டம் அன்றைக்கு உதவவில்லை, நடுவர் அவர்களே. உட்கார்ந்தேன்.

மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்களே, அது பெரிய வித்தையா? இல்லீங்க. மூச்சு உள்ளே போவதைக் கவனி. வெளியே வருவதைக் கவனி. மனசு ஓடும். ஓடினால் திட்டாதே. ஓடிப்போச்சு என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்பு. 'ஃபெயிலாயிடுவேன்' என்று தோன்றுகிறதா? அது எண்ணம், ரிசல்ட் இல்லை! இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே பயிற்சி.

1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்து இதை எட்டு வாரப் பாடமாக்கினார் ஜான் கபாட்-ஜின். 2022-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதற்ற நோய் உள்ள பெரியவர்கள் 276 பேர். ஒரு சாராருக்கு இந்தப் பயிற்சி. மறு சாராருக்கு எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை. எட்டு வாரத்தில் இரு சாராருக்கும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. உடனே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கதை என்ன? அதே 2022-இல் பிரிட்டனில் வந்த ஆய்வு: 85 பள்ளிகள், 11 முதல் 13 வயது வரை எட்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள். வகுப்பில் இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தும், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை!

ஏன் செய்யலை? ஆய்வு பழியை அப்பா மேல் போடவில்லை. நான் போடுகிறேன், நானும் ஓர் அப்பன் என்பதால்! வீட்டில் யார் செய்வதைப் பார்த்துப் பிள்ளை செய்யும்?

அன்று இரவு நாங்கள் இருவரும் ஐந்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்தோம். என் மனசு கட்-ஆஃப் மார்க்குக்கு ஓடியது, இழுத்து வந்தேன். மறுபடி ஓடியது, மறுபடி இழுத்தேன். கண் திறந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, தயிர் சாதம் இருக்கா?"

அந்தத் தயிர் சாதத்தின் மேல் ஆணையாகக் கேட்கிறேன், தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள்!  (பலத்த கைதட்டல்)