ஹேங்க் ஆரன் தூக்கி எறியாத கடிதங்கள்



தோழர்களே, இன்னைக்கு ஒரு பேஸ்பால் வீரரைப் பத்திப் பேசப்போறேன். அமெரிக்காக்காரன் ஆட்டம், நமக்குப் பழக்கமில்லை. ஒன்று மட்டும் தெரிஞ்சா போதும். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி அங்கே 'ஹோம் ரன்'. அதில் பேப் ரூத் என்ற வெள்ளையரின் சாதனை 714. ஏறத்தாழ 40 ஆண்டுகள் யாரும் அதை நெருங்கி முறியடிக்கவில்லை. முறியடித்தவர் ஒரு கறுப்பினத்தவர். ஹேங்க் ஆரன்.

1934-ல் அலபாமாவில் பிறந்தவர். 1952-ல், 18 வயதில், கறுப்பினத்தவருக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டிருந்த லீக்கில் ஆடப்போனார். ஒருநாள் தலைநகர் வாஷிங்டனில் அணியோடு ஒரு ஓட்டலில் சாப்பிட்டு முடித்தார். உள்ளே சமையற்கட்டிலிருந்து தட்டுகளைப் போட்டு உடைக்கும் சத்தம். இவங்க சாப்பிட்ட தட்டாம், அதில் இன்னொருத்தர் சாப்பிடக் கூடாதாம்! அந்தச் சத்தத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1954 ஏப்ரலில் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியில் அறிமுகம். அடுத்த மாதமே, பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துடுச்சு, எல்லாம் மாறிடுச்சுன்னு நினைக்கிறீங்களா?

1957 செப்டம்பர் 23-ஐப் பாருங்க. அன்று மில்வாக்கியில் ஆரன் அடித்த ஹோம் ரன்னால் அணி லீக் பட்டம் வென்றது. சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். அதே நாளில், ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைந்ததற்காக வெள்ளையர் கும்பல் கலவரம் செய்தது. பாதுகாப்புக்கு ராணுவம் வரவேண்டியிருந்தது. ஒரே நாடு, ஒரே நாள்! ஜெயிச்சுக் கொடுத்தால் தோளில் தூக்குவார்கள். படிக்க வந்தால் விரட்டுவார்கள்.

1966-ல் அவரது அணி அட்லாண்டாவுக்கு மாறியது. மார்ட்டின் லூதர் கிங்கின் சொந்த ஊர் அது. 1968 ஏப்ரல் 4-ல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1973-ல் ஆரன் 713-ல் நின்றார். அந்த ஓராண்டில் மட்டும் அவருக்கு வந்த கடிதங்கள் 9 லட்சத்துக்கும் மேல். வாழ்த்தியவர்கள் ஏராளம். ஆனால் "கொன்றுவிடுவோம்" என்ற மிரட்டல்களும் குவிந்தன. கல்லூரியில் படித்த மகளைக் கடத்துவோம் என்றும் மிரட்டினார்கள். மெய்க்காவலர் இல்லாமல் வெளியே போக முடியாத நிலை. அவர் செய்த குற்றம் என்ன? நல்லா ஆடினதுதான்!

1974 ஏப்ரல் 4. கிங்கின் ஆறாவது நினைவு நாள். சின்சினாட்டியில் ஆட்டம். "அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்" என்று ஆரன் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அன்று தன் முதல் வீச்சிலேயே 714-ஐ எட்டினார். ஏப்ரல் 8-ல் அட்லாண்டாவில், 50,000 பேருக்கு மேல் பார்த்திருக்க, 715. தாய் மைதானத்துக்குள் வந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டார்.

1976-ல் ஓய்வு பெற்றபோது கணக்கு 755.

தோழர்களே, திறமை இருந்தா போதும், மரியாதை தானா வரும்னு யாராவது சொன்னா இவரைக் காட்டுங்க. இவரை விடவா திறமை? திறமை அவருக்குச் சாதனையைக் கொடுத்தது. நிம்மதியாகத் தூங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அதை ஆட்டத்தால் வாங்க முடியாது, போராடித்தான் வாங்கணும். லிட்டில் ராக் பிள்ளைகளும் கிங்கும் செய்தது அதைத்தான்.

வெறுப்பைக் கக்கிய அந்தக் கடிதங்களை அவர் தூக்கி எறியவில்லை. பத்திரமாக வைத்திருந்தார். நிலைமை இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ளத்தான் என்று, 80 வயதில், 2014-ல் சொன்னார். 2021-ல் மறைந்தார்.

சாதனைகளைக் கொண்டாடுவோம். அந்தக் கடிதங்களையும் மறக்காமல் இருப்போம்.